வாசகர் கேள்வி – பதில்: சான் செபாஸ்டியனில் நின்றுகொண்டே சாப்பிடுவது எப்படி?

ஸ்பெயினின் வடகடற்கரையில் உள்ள பாஸ்க் நகரமான சான் செபாஸ்டியனைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அந்த ஊருக்குப் பாஸ்க் மொழியில் டொனோஸ்டியா என்று பெயர்; வழிகாட்டிப் பலகைகளில் இரண்டு பெயர்களும் இருக்கும் என்பதால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்றவர்கள். அங்கே இரண்டு நாள்தான் தங்க முடியும். வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லதா?

பதில்: வேண்டாம். பழைய நகரின் தெருக்கள் பெரும்பாலும் நடப்பவர்களுக்கென்றே விடப்பட்டிருப்பதால், கார் எடுத்தால் அதை எங்கே நிறுத்துவது என்ற கவலையிலேயே பாதி நாள் போய்விடும். முதல் நாள் காலையில், ஒரு காலத்தில் சூதாட்ட விடுதியாக இருந்து இப்போது நகர்மன்றமாக விளங்கும் கட்டடத்தின் அருகே தொடங்கி, கடலை வலப்பக்கமாக வளைத்துச் செல்லும் நடைபாதையில் மேற்கு நோக்கி நடங்கள். உர்குல், இகெல்டோ என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே சிப்பி போல வளைந்து கிடப்பதால்தான் இந்த விரிகுடாவுக்குச் சிப்பி என்று பொருள்படும் லா கோன்ச்சா என்ற பெயர் வந்தது. வாயிலில் சாந்தா கிளாரா தீவு நிற்பதால் அலைகள் உள்ளே வரும்போதே அடங்கிவிடுகின்றன.

சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கடற்கரையைக் கடந்து, அரசி மரியா கிறிஸ்டினா கோடையில் தங்குவதற்காக 1893இல் கட்டி முடிக்கப்பட்ட மிராமார் அரண்மனையின் அடிவாரம் வழியாக ஒந்தர்ரேத்தா மணற்பரப்பின் கடைசிக்குப் போனால், பாறைகளில் பதிந்து நிற்கும் மூன்று எஃகுச் சிற்பங்களைக் காணலாம். 'காற்றின் சீப்பு' என்ற அந்தப் படைப்பைச் செய்தவர் அதே ஊரில் பிறந்த எதுவார்தோ சில்லீதா. முன்னாலுள்ள கல்தளத்தில் சில துளைகள் உண்டு. கடல் கொந்தளிக்கும் நாளில் அவற்றின் வழியாகக் காற்றும் நீரும் மூச்சு விடுவது போலச் சீறி எழும். புகைப்படக் கருவியைத் துளைக்கு மேலே நீட்டிவிடாதீர்கள், நான் நீட்டினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால், பக்கத்திலேயே 1912 முதல் ஓடும் இழுவை ரயிலில் இகெல்டோ உச்சிக்குப் போய்விடலாம்.

கேள்வி: பின்ச்சோ என்பது என்ன? கடைக்குள் போனால் எப்படிக் கேட்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கூச்சமாக இருக்காதா?

பதில்: குத்துதல் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ரொட்டித் துண்டின் மேல் மீனோ இறைச்சியோ காய்கறியோ வைத்துக் குச்சியால் குத்தி நிறுத்துவதில் தொடங்கிய பழக்கம், இன்று குச்சியே இல்லாத, சிறு தட்டில் வரும் சூடான பண்டங்கள் வரை வளர்ந்திருக்கிறது. எங்கே உட்காருவது என்று கேட்கிறீர்கள். உட்காரவே வேண்டாம் என்பதுதான் பதில். ஒரு கடையில் ஒன்று அல்லது இரண்டு, ஒரு சிறு கோப்பை பானம், பிறகு அடுத்த கடை. அந்த ஊர்க்காரர்கள் மாலைப்பொழுதை இப்படி நடந்தே சாப்பிட்டுக் கழிக்கிறார்கள். ஒரே கடையில் வயிறு நிரம்பத் தின்றுவிட்டு வெளியே வருபவர், அடுத்த நான்கு கடைகளை வெறும் வேடிக்கையாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் ஹில்டாவைக் கேளுங்கள். ஒரு குச்சியில் கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் காய், வினிகரில் ஊறிய மெல்லிய பச்சை மிளகாய் இரண்டு மூன்று, உப்பில் பதப்படுத்தி எண்ணெயில் கிடந்த நெத்திலி வகை மீன் ஒன்று, அவ்வளவுதான். கடித்துக் கடித்துத் தின்றால் மிளகாயும் மீனும் தனித்தனியாகப் போய்விடும், ஒரே வாயாகப் போட்டுக்கொள்வதே முறை. ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946இல் வெளிவந்த 'கில்டா' படத்தின் நாயகி பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்; அதை ஸ்பானிய மொழியில் ஹில்டா என்று உச்சரிப்பார்கள். பச்சை, உப்பு, கொஞ்சம் காரம் ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது என்பது அங்கே சொல்லப்படும் காரணம். ஸ்பானிய மொழியில் பச்சை என்ற சொல்லுக்கு விரசம் என்ற பொருளும் உண்டு. 'பச்சையாகப் பேசுகிறான்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சிலேடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேடையில் பரப்பி வைத்திருப்பவை ஆறிய பண்டங்கள். சமையலறையின் உண்மையான கைத்திறன் சுவரிலுள்ள கரும்பலகையில் எழுதியிருக்கும்; அதைப் பார்த்துக் கேட்டால் உங்களுக்கென்று சூடாகச் செய்து தருவார்கள். சில கடைகளில் நாமே எடுத்துக்கொண்டு கடைசியில் எண்ணிக்கை சொல்லலாம், சிலவற்றில் தட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே கை நீட்டுவதற்கு முன் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். சாக்கோலி என்னும் உள்ளூர் வெள்ளை ஒயினைக் குப்பியை உயரத் தூக்கி, நம் டீக்கடை மாஸ்டரைப் போல இழையாக ஊற்றுவார்கள். மது அருந்தாதவர்கள் 'மோஸ்தோ' என்று கேட்டால் புளிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். அதைக் கேட்பதை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: முட்டையும் பாலும் ஏற்பீர்கள் என்றால் நேராது. உருளைக்கிழங்கு முட்டைத் தோசை, பொரித்த பச்சைக் குடைமிளகாய், காளான், இதியசாபல் என்னும் செம்மறியாட்டுப் பால் பாலாடைக்கட்டி ஆகியவை கிடைக்கும். ஆனால் 'இறைச்சி இல்லை' என்று அவர்கள் சொன்னால் அதில் மீனும் பன்றித் தொடைத் துணுக்கும் அடங்காது என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

கேள்வி: பழைய நகரில் ஒரு தெருவுக்கு 'ஆகஸ்ட் 31' என்று பெயராமே? விடுதலை நாளா?

பதில்: இல்லை, நகரம் எரிந்த நாள். நெப்போலியனின் படையிடமிருந்து ஊரை மீட்க வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படையினர் 1813 ஆகஸ்ட் 31 அன்று மதிலை உடைத்து உள்ளே புகுந்ததும், மீட்க வந்த மக்களையே கொள்ளையடித்து, நகரம் எரிந்து சாம்பலாகக் காரணமானார்கள். இரண்டு தேவாலயங்களும் இந்த ஒரு தெருவின் வீடுகள் சிலவும்தான் மிஞ்சின. மிஞ்சிய தெருவுக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்துவிட்டார்கள். மதில் உடைந்த இடத்தருகே உள்ள சந்தைக்கும் உடைப்பு என்ற பொருளில் லா ப்ரெச்சா என்றுதான் பெயர். இவ்வளவு துயரமான தெருவில்தான், மேற்புறம் கருகும்படி சுட்டு நடுவே குழைவாக விட்ட, இன்று உலகெங்கும் விற்கும் பாஸ்க் சீஸ்கேக் பிறந்த லா வின்யா என்ற கடையும் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் அரசியலமைப்புச் சதுக்கம். சுற்றியுள்ள வீட்டு மாடங்களில் எண்கள் தென்படும்; அங்கே காளைச் சண்டை நடந்த காலத்தில் அவை பார்வையாளர் இருக்கைகளின் எண்கள்.

கேள்வி: ஜனவரியில் போகலாமா, மழை கெடுத்துவிடுமா?

பதில்: மழை எந்த மாதமும் உண்டு. சிரிமிரி என்று அவர்கள் சொல்லும் பூந்தூறலுக்குக் குடையைவிடத் தலையை மூடும் மேலங்கியே வசதி. ஜனவரி 20 அந்த ஊரின் காவல் புனிதரின் திருநாள். 19ஆம் தேதி நள்ளிரவில் அதே சதுக்கத்தில் கொடி ஏறியது முதல் 24 மணி நேரம், சமையல்காரர் உடையிலும் பழங்காலப் படைவீரர் உடையிலும் குழு குழுவாக மத்தளமும் பீப்பாயும் கொட்டிக்கொண்டு வருவார்கள். சுற்றுப்புற ஊர்களின் ஆப்பிள் மதுக்கூடங்கள் திறந்திருப்பதும் அந்தப் பருவத்தில்தான். அறையை மட்டும் சதுக்கத்துக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள்; அன்று இரவு அங்கே தூங்க முடியாது.