ஒராஞ்ச் அரங்கில் பாடக்கூடாதா?

வணக்கம் சார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைத் தெற்கு பிரான்ஸில் ஒராஞ்ச் நகரத்து ரோமானிய அரங்குக்குக் கூட்டிப்போனேன். மேடைக்கு மேல் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு கூரை, சுற்றிலும் விளக்குகள். பழமையை ஏன் இப்படிக் கெடுக்கிறார்கள்? போதாததற்கு அம்மா கல்படியில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார், நான்தான் அடக்கினேன். கச்சேரிகளை நிறுத்திவிட்டு அரங்கை அப்படியே விடுவது நல்லதில்லையா?
– எஸ்., லியோன்

அன்புள்ள எஸ்.,

அம்மாவை ஏன் அடக்கினீர்கள்? கடிதத்தைப் படித்ததிலிருந்து அதுதான் உறுத்துகிறது.

கூரை 2006ல் போட்டது, மேடைக்குப் பின்னால் நிற்கும் சுவரை மழை அரிக்கக்கூடாது என்று. ரோமானியர் காலத்திலும் அந்த மேடைக்கு மரக்கூரை இருந்தது. அதை விடுங்கள்.

'அப்படியே விடுவது' என்கிறீர்களே, எந்தக் காலத்து அப்படியே? கிறிஸ்தவம் அரச மதமான பிறகு, 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாடகம் நின்றது. அப்புறம் ஊர்க்காவலுக்கு அரணாக இருந்தது, மதச் சண்டையில் ஓடிவந்தவர்களுக்குப் புகலிடமாக இருந்தது, உள்ளேயே வீடு கட்டி அடுப்பு மூட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் அந்த வீடுகளை அகற்றினார்கள், 1869ல் மறுபடி பாட்டு வந்தது. 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரத்துக்கு அந்தச் சுவர் இன்றும் நிற்கிறதென்றால், ஒவ்வொரு காலத்திலும் யாருக்காவது அது வேண்டியிருந்தது என்றுதான் அர்த்தம். யாருக்கும் வேண்டாமல்போன ரோமானியக் கட்டடங்களை எத்தனையோ ஊர்களில் பெயர்த்துக் கொண்டுபோய் மதில் கட்டிவிட்டார்கள். கல்லை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மனிதச் சத்தத்தைத் துரத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, நீங்களும் அதில் சேராதீர்கள்.

நான் அங்கே ஓர் ஓபரா கேட்டிருக்கிறேன், குன்றை ஒட்டிய மேல்படியில் உட்கார்ந்து. வடக்கிலிருந்து வேகமாக அடிக்கும் மிஸ்ட்ரால் காற்று. வாத்தியக்காரர்கள் இசைத்தாள் பறக்காமல் துணிக்குப் போடும் கிளிப்பை மாட்டியிருந்தார்கள். மைக் கிடையாது. பாடிய பெண் குரலைத் தணித்துத் தணித்துக் கொண்டுபோன கடைசி இழைகூட அவ்வளவு உயரத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது, ஏனென்றால் பின்னால் நிற்கும் சுவர் குரலை வாங்கி மேலே அனுப்புகிறது. கட்டியதே அதற்குத்தான். 1974ல் ஸ்பானிய ஓபரா பாடகி மொன்செராத் கபாயே இதே காற்றில் அங்கி படபடக்க 'நோர்மா' ஓபராவைப் பாடிய பதிவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த இடம் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை, உட்கார்ந்ததுமே தெரிந்திருக்கிறது. வழிகாட்டிக் கையேடு படித்துவிட்டுப் போன உங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஜூலையில் வரச்சொல்லுங்கள். ஒரு ராத்திரி ஓபராவுக்கே கூட்டிப்போங்கள். மேலடுக்கு டிக்கெட் போதும், சத்தம் நன்றாகவே வரும். கல்லில் வெகுநேரம் உட்கார வேண்டும், திண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மிஸ்ட்ரால் அடித்தால் கோடையிலும் குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வையும்.