மாண்ட்ரீலுக்கு வாய்த்தது பாரிசுக்கு ஏன் வாய்க்கவில்லை? - கேள்வி பதில்

கேள்வி: ஓசோன் படலத்தைக் காக்க ஒன்றுபட்ட நாடுகள், காலநிலை விஷயத்தில் ஏன் ஒன்றுபடவில்லை?

பதில்: அந்த ஒற்றுமை நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததன்று, 1987இல் கையெழுத்தான மாண்ட்ரீல் நெறிமுறையின் பிரிவுகள் அதை உண்டாக்கின. சேராத நாடுகளோடு, ஓசோனைச் சிதைக்கும் குளிரூட்டி வாயுவான குளோரோபுளோரோகார்பன் (சிஎஃப்சி) வணிகம் செய்வதை நான்காம் பிரிவு தடுத்ததால், வெளியே நிற்பதே நட்டமாயிற்று. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. 1990இல் லண்டனில் ஒப்புக்கொள்ளப்பட்ட நிதியம், மாற்றுத் தொழில்நுட்பத்தின் கூடுதல் செலவை ஏற்றது. ஒரு சர்வதேச ஒப்பந்தத்தைப் புகழவோ இகழவோ முற்படுமுன், அதன் வணிகப் பிரிவையும் நிதிப் பிரிவையும் தயவுசெய்து வாசியுங்கள்.

கேள்வி: ஓசோன் துளை வழியாக வெயில் நுழைவதால்தானே பூமி சூடாகிறது?

பதில்: இல்லை. அவை இரு வேறு சிக்கல்கள். துளையால் கூடுவது புற ஊதாக் கதிர். வெப்பமாதலுக்கு முதன்மைக் காரணம் கரியமில வாயு.

கேள்வி: காலநிலைக்கான 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் நாடுகளைக் கட்டுப்படுத்துமா?

பதில்: உமிழ்வைக் குறைக்கும் இலக்கைத் தானே வகுத்து அறிவிப்பதும், அதை அடைய உள்நாட்டு நடவடிக்கை எடுப்பதும் கடமைகள், இலக்கை எட்டியே தீர வேண்டும் என்னும் கடமை அதில் இல்லை. நாடுகள் ஒப்பந்தத்தைப் பின்பற்றுவதைக் கவனிக்க 15ஆம் பிரிவின்படி அமைந்த குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. ஆயினும், இலக்கை விருப்பம்போல் தாழ்த்தி வைக்க நாடுகளுக்கு வரம்பற்ற உரிமை கிடையாது என்று சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆலோசனைக் கருத்து வழங்கியிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் பாரிஸ் ஒப்பந்தம் கட்டாயமா, இல்லையா?

பதில்: மேலுள்ள விடையை வாசியுங்கள்.

கேள்வி: குளோரோபுளோரோகார்பனைத் தயாரித்தவை சில நிறுவனங்களே, நிலக்கரியையோ உலகமே நம்பியிருக்கிறது. உங்கள் ஒப்பீடே பொருந்தாதே?

பதில்: பாதியை ஏற்கிறேன். மாற்றுப் பொருள் கைக்கெட்டியிருந்ததும் குளோரோபுளோரோகார்பனைத் தயாரித்த டுபான்ட் நிறுவனம், கட்டுப்பாட்டை எதிர்த்த தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதும் பெரும் உதவி. ஆனால், ஓசோனைச் சிதைக்காத, புவியைச் சூடாக்குகிற ஹைட்ரோபுளோரோகார்பன்களையும் மாண்ட்ரீல் நெறிமுறைக்கு 2016இல் செய்யப்பட்ட கிகாலித் திருத்தம் அதே கட்டமைப்புக்குள் கொண்டுவந்தது. அதன்படி இந்தியா 2028இல் அவற்றின் பயன்பாடு மேலும் கூடாமல் நிறுத்தி 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். அனைத்தையும் ஒரே மேசையில் குவிக்காமல் மீத்தேன், உருக்கு எனத் துறை துறையாக உடன்படிக்கை காண்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சீனாவில் விதிமீறல் நடந்ததே, அது தோல்வியில்லையா?

பதில்: தடை செய்யப்பட்ட குளோரோபுளோரோகார்பன் வகையான சிஎஃப்சி-11இன் உமிழ்வு மீண்டும் கூடியதை 2018இல் அறிவியலாளர் வெளியிட்டனர், கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள அளவீட்டு நிலையங்களின் தரவு கிழக்குச் சீனாவைச் சுட்டியது, பின்னர் உமிழ்வு சரிந்தது. நாடுகள் தாமே அனுப்பும் அறிக்கைகளில் புலப்படாத மீறலைக் காற்றை அளந்த நிலையங்களே காட்டிக்கொடுத்தன. ஆகவே வணிகப் பிரிவு, நிதிப் பிரிவு ஆகியவற்றோடு, அளவீட்டுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள்.