டார்ஜிலிங் தேயிலை ஏன் நிறம் தரவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: டார்ஜிலிங் சென்றுவந்த உறவினர் ஒருவர் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ என்று அச்சிட்ட இலைத் தேயிலை நூறு கிராம் வாங்கிவந்து கொடுத்தார். வழக்கம்போல் பாலும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். நிறமும் ஏறவில்லை, மணமும் இல்லை, கசப்பு மட்டும் நாக்கில் நின்றது. அவரை ஏமாற்றிவிட்டார்களா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் தேயிலையைச் சந்தேகிக்கக் காரணமில்லை, கொதிக்க வைத்ததுதான் பிசகு. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் டீத்தூள் பெரும்பாலும் சி.டி.சி. முறையில் தயாராவது. 1930களில் அசாமில் உருவான அந்த முறையில், வாட்டிய கொழுந்தைப் பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே செலுத்தி, நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கிவிடுவதால், அது கொதித்த சில நிமிடங்களிலேயே சாறு முழுவதையும் இறக்கி, பாலையும் மீறி நிறம் கொடுக்கிறது.

உங்களுக்குக் கிடைத்ததோ குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்த செடி மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடும் முதல் துளிர். அதை நன்றாக வாட்டியெடுப்பதால் இலை காற்றுப்பட்டுக் கறுப்பது பாதியிலேயே நின்றுவிடுகிறது; பெயருக்குக் கறுப்புத் தேயிலை என்றாலும் காய்ந்த இலையில் பச்சை தெரிவது அதனால்தான். வெளிறிய பொன்னிறமே அதற்குரிய நிறம். அதைப் பாலில் கொதிக்கவிட்டால் மெல்லிய மணம் ஆவியோடு போய்விடும், துவர்ப்புதான் மிஞ்சும்.

மீதியிருப்பதை இப்படிப் போட்டுப் பாருங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, 150 மில்லிக்கு இரண்டு கிராம் இலை என்ற கணக்கில் ஊற்றி, மூடி வைத்து, மூன்றாவது நிமிடம் வடிகட்டிவிடுங்கள். பால் வேண்டாம். வடிகட்டிய இலையில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரித்தால், சுருண்டு கிடந்தது பறித்த நாளின் வடிவத்துக்குத் திரும்பியிருப்பதையும், சிலவற்றில் காம்போடு இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்தே இருப்பதையும் காணலாம். டீத்தூளில் இந்தக் காட்சிக்கு வழியில்லை.

அதே தோட்டத்தில் மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவத் தேயிலை வேறு குணம் கொண்டது. பச்சைத் தத்துப்பூச்சிகள் இளங்கொழுந்தின் சாற்றை உறிஞ்சும்போது, செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைச் சுரக்கிறது. ‘மஸ்கட்டல்’ என்று வியாபாரிகள் கொண்டாடும் திராட்சை மணத்துக்கு அதுவும் ஒரு காரணம். பூச்சி கடித்த இலைக்குக் கூடுதல் விலை கிடைப்பது வேறெந்தப் பயிரில் நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை!

கேள்வி: தேயிலை உறையில் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்து கூடினால் சுவை கூடுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: கூட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த எழுத்துகள் இலையின் அளவையும், முழுமையையும், அதில் பொன்னிற மொட்டு நுனிகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதையும் சொல்பவையே. அவற்றில் வரும் ‘ஆரஞ்சு பீக்கோ’ என்பதற்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் தொடர்பில்லை. அதுபோல ‘டஸ்ட்’ என்பது தரையில் பெருக்கி அள்ளிய தூசி என்று பலர் நினைக்கிறார்கள். சல்லடையில் கடைசியாக இறங்கும் மிக நுண்ணிய ரகத்தின் பெயர் அது, அவ்வளவுதான். எழுத்துகளை எண்ணுவதைவிட, எந்தத் தோட்டம், எந்தப் பருவம், எந்த ஆண்டு பறித்தது என்று பார்த்து வாங்குவது பயன் தரும்.

கேள்வி: பால் சேர்க்காமல் எனக்குத் தேநீர் இறங்காது. இலைத் தேயிலையில் எதை வாங்கலாம்? நீலகிரித் தேயிலை ஒத்துவருமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பாலுக்கு அசாமின் இரண்டாம் பருவ இலையே பொருத்தம். அங்குள்ள செடி அகன்ற இலை கொண்ட தனி வகை. வறுத்த தானியத்தை நினைவூட்டும் கனமான சுவையுடையது. கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் ஊறினாலும் தாங்கும். பால் ஊற்றினாலும் சுவை அமுங்காது. நீலகிரியில் ஆண்டு முழுவதும் பறிப்பு உண்டு என்றாலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இரவுக் குளிரில் செடி மெதுவாக வளரும் நாட்களில் எடுக்கும் இலைக்குத்தான் பூமணம் அதிகம். அதைப் பாலில்லாமல் ஒரு முறையாவது குடித்துப் பாருங்கள். நல்ல நீலகிரித் தேநீர் ஆறினாலும் எளிதில் கலங்காது என்பதால், ஐஸ் போட்டுக் குடிக்கவும் ஏற்றது.

எதை வாங்கினாலும் காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மணத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பா இருக்கும் அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.