பழைய ஜீப்பில் புதிய இன்ஜின்: பதிவுச் சான்று ஏற்குமா?

கேள்வி: நான் போடிநாயக்கனூரில் வசிக்கிறேன். கேரளத்தில் பூப்பாறை அருகே எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. பெரியப்பாவிடமிருந்து என் பெயருக்கு முறையாக மாற்றி வாங்கிய 1992ஆம் ஆண்டு மஹிந்திரா எம்.எம்.540 டீசல் ஜீப்பில்தான் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். அதன் பழைய பியூஜோ இன்ஜின் புகை தள்ளுகிறது, எண்ணெய் குடிக்கிறது, மேட்டில் திணறுகிறது. விபத்தில் நொறுங்கிய ஸ்கார்ப்பியோ ஒன்றின் 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜினைப் பொருத்தித் தருவதாக ஓர் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதை நம்பி ரூ.60,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆர்.சி.யில் எப்படி மாற்றுவது என்று கேட்டால், "இரண்டும் மஹிந்திராதான், சிசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பழைய நம்பரையே புது பிளாக்கில் பஞ்ச் அடித்துவிடலாம்" என்கிறார். 2027இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நான் என்ன செய்வது?

பதில்: ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன வழியில் போகாதீர்கள். அந்த இன்ஜினை உங்கள் ஜீப்பில் பொருத்துவதற்கு இன்றைய சட்டத்தில் அனுமதி கிடைக்காது. எண்ணைப் பஞ்ச் அடிப்பதோ, அனுமதியில்லாத மாற்றம் என்ற அளவில் நிற்கக்கூடிய விஷயத்தைக் கிரிமினல் வழக்காக்கிவிடும். வேலை இன்னும் தொடங்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதனால் முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும், ஜீப்பைச் சட்டத்துக்கு உட்பட்டே ஓட வைப்பதற்கும் வழி இருக்கிறது.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாகும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்று தடை விதிக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் மாறுவதற்கு அதே பிரிவு நிபந்தனைகளோடு வழிவிடுகிறது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கும் தருகிறது. ஒரு தனிநபர் தன் ஜீப்புக்காக அந்த விலக்கைக் கேட்டு டெல்லிக்கு மனுப்போடுவது வீண் செலவு என்பது என் கருத்து. டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு வேறு மாடலின் டீசல் இன்ஜினை வைப்பது இந்த வழிகள் எதிலும் அடங்காது.

இந்தப் பிரிவின் பொருளை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கே.ஜெயச்சந்திரா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. கேரளத்திலிருந்து சென்ற அந்த வழக்கில், மாநில விதிகளும் சுற்றறிக்கைகளும் 52ஆவது பிரிவுக்குக் கட்டுப்பட்டவை என்றும், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்ற அனுமதிக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதற்கு முன் சில அலுவலகங்கள் பில்லையும் ஆய்வாளரின் அறிக்கையையும் பார்த்துவிட்டு இன்ஜின் மாற்றத்தைப் பதிந்து தந்த கதைகளை உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் சொல்லக்கூடும். அவை இன்று உங்களுக்குக் கைகொடுக்கா. நீங்கள் போடிமெட்டு வழியாக அடிக்கடி கேரளத்துக்குள் செல்கிறவர். மாற்றியமைத்த வாகனங்கள் மீது அம்மாநில மோட்டார் வாகனத் துறை காட்டும் கண்டிப்பு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி "இரண்டும் மஹிந்திராதான்" என்ற வாதத்துக்கு வருகிறேன். கேட்பதற்குச் சரியாகப் படும் இந்த வாதத்துக்குச் சட்டத்தில் ஒரு சிறிய பற்றுக்கோடும் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 52ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை வைத்திருப்பவர், மாநில அரசின் அறிவிக்கை இருந்தால், பதிவு அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமலே இன்ஜினை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் புதிய இன்ஜின் "அதே தயாரிப்பும் அதே வகையும்" கொண்டதாக இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. தயாரிப்பு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் ஜீப்பில் இருப்பது பியூஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின்: 2,112 சிசி, சுமார் 62 குதிரைத்திறன். வரவிருப்பது மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் காமன் ரெயில் டர்போ இன்ஜின்: 2,179 சிசி, சுமார் 120 குதிரைத்திறன். சிசியில் வேறுபாடு 67 மட்டும் என்பது உண்மைதான்; ஆனால் பதிவுச் சான்று சிசியோடு நிற்பதில்லை, குதிரைத்திறனும் இன்ஜின் எண்ணும் அதில் பதியப்படுகின்றன. திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகும் ஒன்றை எந்த ஆய்வாளரும் அதே வகை என்று எழுதித் தரமாட்டார். எழுதித் தந்தாலும் மேல்முறையீட்டில் அது நிற்காது.

சட்டம் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் வாகனத்தைத் தனியாகச் சோதித்துச் சான்றளித்தால் அதை ஏற்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லாதது குறை என்றே நானும் எண்ணுகிறேன். ஆனாலும் தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உங்கள் ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக். நான்கு கியர் பெட்டியும், புரோப்பலர் ஷாஃப்டும், அச்சுகளும் அந்த 62 குதிரைத்திறனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. போடிமெட்டில் ஏறும்போது கிடைக்கும் சுகத்துக்கு இறங்கும்போது விலை கொடுக்க நேரிடலாம்.

அடுத்து, மீறினால் என்ன ஆகும் என்பது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்ஜினோடு கியர் பெட்டியும் புகைக்குழாயும் மாறினால் அவற்றைத் தனித்தனி மாற்றங்களாகக் கணக்கிட இடமுண்டு. இந்த உட்பிரிவு குறிவைப்பது உரிமையாளரைத்தான், கையில் ஸ்பேனர் பிடித்தவரை அல்ல; பொறுப்பு முதலில் உங்கள் தலையில்தான் விழும். புகை, ஒலி தொடர்பான தரங்களை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அதோடு ஓட்டுநர் உரிமம் மூன்று மாதத்துக்குத் தகுதியிழக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது 55(5) பிரிவு. வாகனத்தில் பொறித்துள்ள இன்ஜின் எண்ணோ சேசிஸ் எண்ணோ பதிவுச் சான்றில் உள்ள எண்ணிலிருந்து வேறுபட்டால், உரிமையாளருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தந்த பின் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. 2027இல் புதுப்பிக்கச் செல்லும்போது எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கிறார்களே, அந்தத் துண்டுக் காகிதம் போதும் உங்கள் ஜீப்பின் கதையை முடிக்க. அப்படி ஓர் உத்தரவு வந்தால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் 57ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் எண் உண்மையிலேயே வேறாக இருக்கும்போது அங்கே சொல்வதற்கு அதிகம் இருக்காது.

இந்த இடத்தில்தான் ஒர்க்‌ஷாப்காரரின் "பஞ்ச்" யோசனை வருகிறது. ஒரு பொருளின் மேல் எழுத்தாலோ எண்ணாலோ குறியாலோ வெளிப்படுத்தப்படும் எதுவும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின்படி ஆவணம்தான். காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே வார்ப்பிரும்பு பிளாக்கில் அசல் எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணை அடிப்பது, அதன் 336ஆவது பிரிவு சொல்லும் பொய்யாவணம் புனைதல் என்ற குற்றச்சாட்டுக்கு வழிவகுக்கும். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்யப்பட்டால் அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறை. அந்த ஸ்கார்ப்பியோ திருட்டு வாகனமாக இருந்துவிட்டால், திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்கியவர் என்ற சந்தேகம் 317ஆவது பிரிவின் கீழ் உங்கள் மேல் திரும்பும். எண்ணைத் தேய்த்திருப்பதே அந்தத் "தெரிந்தே" என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்படும். நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்று அப்போது சொன்னால் யார் கேட்பார்?

காப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1,500 சிசிக்கு மேற்பட்ட கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஒரே அளவுதான் என்பதால், இன்ஜினை மாற்றியும் நீங்கள் கட்டும் தொகை மாறாது. அதனாலேயே பலர் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துப் பாலிசி பெற்றார் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆவது பிரிவின் கீழ் நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் ஒன்று. தோட்டத் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறவர் நீங்கள். ஒரு விபத்தில் இழப்பீட்டு வழக்கு வந்து, தொகையை நிறுவனம் கட்டிவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாகுமானால், தோட்டத்தையே விற்க வேண்டியிருக்கும். தனியார் ஜீப்பில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது தனியாக ஒரு மீறல். அதைச் செய்வதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

"தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டினால் என்ன?" என்ற கேள்வி அடுத்து உங்களுக்கு எழும். பதிவில்லாத வாகனத்தைப் பொது இடத்தில் மட்டுமல்ல, "வேறு எந்த இடத்திலும்" ஓட்டக் கூடாது என்பதே 39ஆவது பிரிவின் வாசகம். 52ஆவது பிரிவும் பொது இடத்தைப் பற்றிப் பேசவில்லை. உரிமையாளர் மாற்றக் கூடாது என்று மட்டும் சொல்கிறது. மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி தனியாக வடிவமைத்த வாகனத்துக்கு மோட்டார் வாகனம் என்ற வரையறையில் விலக்கு உண்டு என்றாலும், சாலையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஜீப்புக்கு அதைக் கேட்பது சிரமம்.

செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, நான் பரிந்துரைப்பது, இருக்கும் இன்ஜினையே பிரித்துச் செம்மையாக்குவது. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது), புதிய பிஸ்டன், கிராங்க் வேலை, பம்ப்பும் இன்ஜெக்டரும் சர்வீஸ் ஆகியவை எதுவும் 52ஆவது பிரிவு சொல்லும் மாற்றம் ஆகா. வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அப்பிரிவின் விளக்கவுரை "மாற்றம்" என்கிறது. பிளாக் அதுவேயாக இருப்பதால் எண்ணும் அதுவே. புகைச் சோதனையிலும் தேறிவிடும். எம்ஹாக்கின் இழுவை கிடைக்காது என்பது உண்மைதான். அந்த விஷயத்தில் உங்களைத் தேற்ற என்னிடம் வழியில்லை.

பிளாக் வெடித்துப் பயனற்றுப் போயிருந்தால், இரண்டாவது வழியாக, அதே எக்ஸ்.டி.பி. 4.90 வகை இன்ஜின் ஒன்றைத் தேடிப் பொருத்தலாம். பொருத்துவதற்கு முன்பே உங்கள் பதிவு அதிகாரியிடம், அதாவது உத்தமபாளையம் அல்லது தேனி அலுவலகத்தில் உங்கள் எல்லைக்கு உரியதில், எழுத்துமூலம் ஒப்புதல் கேளுங்கள். வாங்கும் இன்ஜினுக்குப் பில் வேண்டும். அது இருந்த வாகனத்தின் பதிவு ரத்தானதற்கான சான்று வேண்டும். அழிந்த வாகனத்தின் உரிமையாளர் 14 நாட்களுக்குள் தகவல் தந்து பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்று 55ஆவது பிரிவே சொல்வதால், உண்மையான விற்பனையாளரிடம் அந்தக் காகிதம் இருக்க வேண்டும். இல்லையென்று இழுத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தேடலில் அந்த எண் திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதற்கான அச்சையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பின் ஆய்வாளரிடம் ஜீப்பைக் காட்டி, புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிய பிறகே சாலைக்கு எடுங்கள்.

வில்லிஸ் காலத்து ஜீப் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கு 2021ஆம் ஆண்டு விதிகளின் கீழ் தொன்மை வாகனப் பதிவு கிடைக்கும், ஆனால் இன்ஜினும் உடலும் மூல வடிவில் இருந்தால்தான். உங்கள் 1992 ஜீப்புக்கு அது இப்போதைக்குப் பொருந்தாது.

கடைசியாக முன்பணம். சட்டம் தடைசெய்த வேலைக்கான ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி செல்லாது. அது தெரியவந்தபின், பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்று 65ஆவது பிரிவைக் காட்டிக் கேட்கலாம். எதிர்த்தரப்பு, தொடக்கத்திலேயே உங்களுக்குத் தெரியும் என்று வாதிடும்; ஆகவே இனி ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், வேலையை நிறுத்தச் சொல்லி முதலில் வாட்ஸ்அப்பிலும் பிறகு பதிவுத் தபாலிலும் எழுதுங்கள். எண்ணைப் பஞ்ச் அடிப்பது பற்றி அவரிடமிருந்து குரல் செய்தியோ எழுத்தோ வந்திருந்தால் அழிக்காதீர்கள். 15 நாட்களில் பணம் வராவிட்டால், அனுமதி கிடைக்காத வேலையைக் கிடைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்கியதைச் சேவைக் குறைபாடாகக் காட்டித் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். இந்த அளவு தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஜீப் அவர் இடத்தில் நிற்கிறது என்றால், கடிதம் அனுப்புவதற்கு முன்பே அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பழைய இன்ஜின் கழற்றப்பட்டிருந்தால் அந்த பிளாக்கையும் எண்ணைச் சரிபார்த்துக் கையோடு எடுத்து வாருங்கள்.