பஸ்ஸிலேயே போய் நடக்கக்கூடிய ஏரிக்கரைகள்: கொடைக்கானலும் மேல்மலையும்

"என்னிடம் கார் இல்லை. வாடகைக் காருக்குச் செலவழிக்கவும் முடியாது. 63 வயது அம்மாவுடன் இரண்டு நாள் ஏரிக்கரையில் நிதானமாக நடக்க வேண்டும். பஸ்ஸிலேயே போய்வர நீலகிரி சரிப்படுமா, கொடைக்கானல் சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடைக்கானலுக்குப் போங்கள். நான் திண்டுக்கல்காரி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் நான் நடந்த நடையெல்லாம் அரசு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்ததுதான். அதனால் பஸ் போகும் இடங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

இடங்களுக்கு முன்னால் ஒரு விஷயம். மலையில் பஸ்ஸை நம்பி நடப்பவர்கள், எந்த ஏரி என்று முடிவு செய்வதற்கு முன்பே, திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட வேண்டும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று தெரியும். இதை நான் கொடைக்கானலைத் தாண்டி உள்ளே, மேல்மலை என்று சொல்லும் கிராமப் பகுதியில் இருக்கும் மன்னவனூர் ஏரியில் கற்றுக்கொண்டேன். ஒரு டிசம்பர் மாலை, எதிர்க்கரையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். மேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. புல்சரிவில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தபோது வயலில் நின்ற ஓர் அம்மாள், "ஓடு தாயி, வண்டி நிற்காது" என்று குரல் கொடுத்தார். ஓடினேன். நான் சாலைக்கு வந்தபோது வளைவில் பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. பிறகு அந்த அம்மாளே, கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் பேசி எனக்கு முன்னிருக்கையில் இடம் வாங்கித் தந்தார். கொடைக்கானல் வந்து சேர்ந்ததும் பணத்தை நீட்டினேன், வண்டிக்காரர் வாங்கவில்லை. அவர்கள் இருவரையும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் மேல்மலைச் சாலையில் நிற்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

மலையேறும் வழி எளிது. மதுரை ஆரப்பாளையத்திலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் நேரடி பஸ்கள் உண்டு. ரயிலில் வந்தால் கொடைரோடு நிலையத்தில் இறங்கலாம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அங்கிருந்து கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர். இடையில் வத்தலக்குண்டில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டு வண்டி மாறுவதுதான் எனக்குப் பிடித்த வழி. அங்கே பஸ் ஏறும்போது அம்மாவுக்கு முன்பக்க இருக்கை பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பின்னிருக்கை குடலைப் புரட்டிவிடும். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் (மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருபவர்களுக்குத்தான். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வேண்டியதில்லை.

முதல் நாள், ஊருக்குள்ளேயே இருக்கும் கொடைக்கானல் ஏரி போதும். பஸ் நிலையத்திலிருந்து ஏழு ரோடு சந்திப்பு வழியாக நடந்தே இறங்கிவிடலாம். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான் என்பார்கள். பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். கரையை ஒட்டிய சாலை ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர் வரும். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. உங்கள் அம்மா நின்று நின்று நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் குதிரையும் வாடகை சைக்கிளும் கார் வரிசையுமாக அது வேறு இடமாகிவிடும். இந்த ஏரி நட்சத்திர வடிவம் என்று எல்லோரும் சொல்வார்கள், நடக்கும்போதுதான் அதன் அர்த்தம் புரியும். தண்ணீர் கை கையாக நிலத்துக்குள் நீண்டிருப்பதால் சாலை திரும்பத் திரும்ப உள்ளே போய் வெளியே வருகிறது. படகுத் துறையின் இரைச்சல் ஒரு திருப்பத்தில் அடங்கிப்போகும். அடுத்த கையின் முனையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஜனவரியில் ஒரு நாள் அப்படி ஒரு முனையில் நின்றேன். கரையோரப் புல்லில் ஒவ்வோர் இலையின் விளிம்பிலும் உப்புத் தூவியதுபோல் உறைபனி இருந்தது. வெயில் மரங்களைத் தாண்டி அந்தப் புல்லைத் தொட்டதும், பனி உருகாமல் நேராக ஆவியாகிப் போவதுபோல் புகைந்தது. ஐந்து நிமிடத்துக்குள் புல் வெறும் ஈரப் புல்லாக நின்றது. சுற்றுலாப் படங்களில் இதைப் பார்க்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் ஊருக்குள்ளேயே காட்டெருமைகள் நடமாடுகின்றன. சாதுவாகப் புல் மேய்வதுபோல் தெரியும். நெருங்கவோ, போன் வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கவோ வேண்டாம். சாலையை மறித்து நின்றால் அது போகும்வரை நீங்கள் காத்திருங்கள், அல்லது வந்த வழியே திரும்புங்கள்.

இரண்டாம் நாள் மன்னவனூர். உண்மையில் உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஊருக்காகத்தான். கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் உள்ளே, மேல்மலையில் இருக்கிறது. பஸ் நிலையத்தில் மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று பலகை போட்ட வண்டிகளைக் கேளுங்கள். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். முதல் நாள் மாலையே பஸ் நிலையத்துக்குப் போய் நேரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். ஏறியதும் கண்டக்டரிடம், திரும்பும் வண்டி ஏரிப் பக்கம் எத்தனை மணிக்கு வரும் என்று இன்னொரு முறை கேளுங்கள். அந்தப் பாதையில் ஓடும் கண்டக்டர்களுக்குப் பயணிகளில் பாதிப் பேரைப் பெயர் சொல்லித் தெரியும். அம்மாவுடன் வந்திருப்பதைச் சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். சொகுசு இருக்காது, கூட்டம் இருக்கும். பால் கேன், உர மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அதே வண்டியில்தான். பூம்பாறையை நெருங்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில். அங்கே பஸ் நின்றால் பூண்டு வாசனை உள்ளே வந்துவிடும். தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டுக் காயவைப்பது இங்கத்திய பழக்கம். அப்படிப் புகை பட்ட பூண்டு மாதக்கணக்கில் கெடாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திரும்பும் வழியில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமைக்கும் அம்மாவுக்கு ஏரியைவிட அது பிடித்துப்போகலாம்.

மன்னவனூர் ஏரி மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஏரி இல்லை. கிண்ணம் போலச் சரிந்து இறங்கும் புல்வெளியின் அடியில் கிடக்கிறது. சாலையில் இறங்கியதுமே முழுதாகக் கண்ணில் படும். வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம், நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசல் விடுகிறார்கள். வாசலிலிருந்து கரைக்குப் புல்சரிவில் இறங்க வேண்டும். இறங்குவது சுகம், திரும்பி ஏறுவதில்தான் மூச்சு வாங்கும். அம்மா ஏறுவதற்கு அரை மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். கரையை முழுக்கச் சுற்றிவர விடமாட்டார்கள், அவர்கள் காட்டும் எல்லைவரைதான் நடக்கலாம். அதுவே தாராளம். பக்கத்தில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஆட்டுப்பண்ணை என்பார்கள். முயலும் வளர்க்கிறார்கள்.

சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். புளிசாதமோ இட்லியோ வாழையிலையில் கட்டிக்கொண்டால் குப்பையும் சேராது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அதிகம், புல்லில் அட்டை ஏறும், கொஞ்சம் உப்பை முடிந்து வைத்துக்கொண்டால் போதும். ஜனவரி, பிப்ரவரிதான் நடப்பதற்கு ஏற்ற மாதங்கள். மே மாதத்தில் போகவே வேண்டாம், மலைச்சாலை நெரிசலில் பஸ்ஸுக்குள்ளேயே பாதி நாள் போய்விடும்.

இன்னொரு நாள் கூடுதலாக இருந்தால் கூக்கால். அதற்கும் மேல்மலை பஸ் இருக்கிறது. ஊரை ஒட்டியே ஏரி. டிக்கெட் கூண்டும் பரிசலும் எதிர்பார்க்காதவர்களுக்கு அது நிறைவாக இருக்கும்.

பேரிஜம் ஏரி பற்றியும் பலர் உங்களிடம் சொல்வார்கள். அழகான ஏரி, அதில் சந்தேகமே இல்லை. சதுப்பு நிலமாக இருந்த இடம், இன்று பெரியகுளத்துக்குக் குடிநீர் தருகிறது. ஆனால் வனத்துறை அனுமதியோடு, ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கணக்கில்தான் உள்ளே விடுவார்கள். பஸ் போகாது. உங்கள் நிபந்தனைக்குப் பொருந்தாததால் விட்டுவிடுங்கள். அதைப் பார்க்காமல் வந்தால் மலையே வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீலகிரியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊட்டி ஏரி பஸ் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. சொல்லப்போனால், நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடமும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரியாகவே இருந்தவை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உண்டாக்கிய ஏரி சுருங்கிச் சுருங்கித்தான் இன்றைய அளவுக்கு வந்திருக்கிறது. அது தெரிந்த பிறகு அந்தக் கரையில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காமராஜ் சாகர் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டே போகலாம். எமரால்டுக்கும் பஸ் இருக்கிறது, தேயிலைத் தோட்டங்களுக்குக் கீழே நீர் விரிந்து கிடக்கும். ஆனால் அந்தப் பக்கத்து நீர்நிலைகளில் பெரும்பாலானவை மின் திட்டங்களுக்காகக் கட்டியவை. பார்க்கலாம், விரும்பிய இடத்தில் கரையில் இறங்கி நடக்க முடியாது. உங்கள் அம்மா நடக்க ஆசைப்படுகிறார் என்பதால்தான் கொடைக்கானல் என்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, வத்தலக்குண்டு இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மாவை உட்கார வையுங்கள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். சுற்றுலா வண்டிகள் நிற்பதால் பஸ் அங்கே மெதுவாகத்தான் போகும். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.