வேலூரில் சிங்கள ராஜா சமாதி எப்படி வந்தது?

பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருப்பது இலங்கையின் கண்டி அரசை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை. 1815-ல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, குடும்பத்தோடு நம்ம வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வந்து வைத்தார்கள், 1832-ல் இங்கேயே இறந்தார்.

ஆனால் 'சிங்கள ராஜா' என்று நீங்கள் கேட்டிருப்பதில்தான் கதையே இருக்கிறது. அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி. கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுப்பது வழக்கம், 1739-ல் வாரிசு இல்லாமல் போனதும் ராணியின் தம்பியே அரியணை ஏறிவிட்டார், அதோடு கண்டி நாயக்கர் கைக்கு வந்தது. தெலுங்கு வழி, தமிழ்ப் பேச்சு, சைவப் பழக்கம், ஆள்வது பௌத்த மக்களை!

அதற்காக நாயக்க மன்னர்கள் பௌத்தத்திலிருந்து ஒதுங்கியும் இருக்கவில்லை. அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753-ல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த துறவு முறையை மீட்டார். கண்டி பெரஹரா என்ற ஊர்வலத்தைப் பாருங்கள்: முதலில் புத்தரின் பல், அப்புறம் நாத தெய்யோ என்ற தெய்வம், விஷ்ணு, கதிர்காமத்து முருகன், கடைசியாகப் பத்தினி, அதாவது நம்ம கண்ணகி. இந்த வரிசை அவர் காலத்தில் அமைந்ததுதான்.

இலங்கையின் கரையோரம் வேறு உலகம். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், 1796-ல் ஆங்கிலேயர் என்று மாறி மாறி ஆண்டார்கள். கத்தோலிக்கர்களும் பறங்கியரும் (ஐரோப்பிய வம்சாவளியினர்) அந்த வழி வந்தவர்கள், முஸ்லிம் வணிகர்கள் அதற்கும் முன்பே இருந்தார்கள். மலைத் தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழர் கதை தனி, மன்னரை இங்கே அனுப்பிய அதே ஆங்கிலேயர்தான் பிறகு காப்பித் தோட்டத்துக்கு இங்கிருந்து ஆள் கொண்டு போனார்கள்.