வெயில் சுடவில்லை, முகம் மட்டும் ஏன் கறுக்கிறது? – மலைவாசகர் கேள்வி பதில்

நான் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகிறேன். பாதி நாள் மேகமூட்டம்தான், வெயில் சுட்டதாகவே தெரியாது. ஆனாலும் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் கொளுத்தும் வெயிலில் இருக்கும் என் தங்கை முகம் தெளிவாக இருக்கிறது. இது எப்படி?
– வாசகி, கோத்தகிரி

உடம்புக்குச் சூடு தருவது அகச்சிவப்புக் கதிர். தோலைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். மலையில் இந்த இரண்டும் ஒன்றாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மேகத்தில் உள்ள நீர் சூட்டை நன்றாகத் தடுத்துவிடும். ஆனால் மேகம் மெல்லியதாக இருந்தால் புற ஊதாக் கதிரில் 80% வரை அதைத் தாண்டி வந்துவிடும். அதோடு, 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 முதல் 12% கூடும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர். வானம் ஒரே மாதிரி தெளிந்திருந்தால், தங்கைக்கு விழுவதைவிட உங்களுக்கு ஆறில் ஒரு பங்கு அதிகம் விழும். தங்கை வெயில் சுடுகிறது என்று நிழலுக்கு ஓடிவிடுவார். உங்களுக்குச் சுடவில்லை, அதனால் எட்டு மணி நேரமும் வெளியில்தான் நிற்கிறீர்கள்.

ஆகவே குளிரை வைத்து வெயிலை அளக்காதீர்கள். நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமை என்று பொருள். நம் மலைகளில் டிசம்பரிலும் நடுப்பகலில் நிழல் குட்டைதான். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். சூரியன் உச்சிக்கு வருவதும் இங்கே சரியாக 12 மணிக்கு அல்ல, 12.20 வாக்கில். ஆகவே சாப்பாட்டு இடைவேளை முடிந்து மறுபடி இறங்கும் நேரமும் கடுமையான நேரம்தான்.

முதலில் துணி, அப்புறம்தான் கிரீம். தலையில் கட்டும் துண்டு நெற்றியைக் காக்கும், கன்னத்தைக் காக்காது. துண்டின் மேல் சுற்றிலும் நாலு விரல் அகலம் விளிம்புள்ள தொப்பி போடுங்கள். கூடைப் பட்டை நெற்றியில் மாட்டுவதால் தொப்பி நிற்காது என்றால், துண்டின் முன்பகுதியை மடித்துக் கண்ணுக்கு மேல் நீட்டி, பக்கங்களைக் கன்னத்தின் மேல் தொங்கவிடுங்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 30 போதும். 30 என்பது 97% தடுக்கும், 50 என்பது 98%. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, வாங்கியதைப் போதிய அளவு பூசுவதே லாபம். புற ஊதாக் கதிரில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை உண்டு. எஸ்.பி.எஃப். எண் யூவிபி கதிரை மட்டும்தான் சொல்கிறது. யூவிஏ தடுப்புக்கு உறையில் 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கிறதா என்று பாருங்கள். மங்குக்கு இன்னொரு சங்கதியும் உண்டு: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே அதைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். பூசிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே கொழுந்தைத் தொடுங்கள். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

மருந்துக்கடையில் "முகம் வெளுக்கும்" என்று கொடுக்கும் டியூப் வேண்டவே வேண்டாம். பலவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதல் மாதம் முகம் பளிச்சென்று தெரியும். அப்புறம் தோல் மெலிந்து சிவந்து, பூனைமுடி வளர்ந்து, நிறுத்தினால் எரியும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தோல் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். மங்குக்கு அதுவும் ஒரு காரணம்.

50 கிராம் சன்ஸ்கிரீன் எனக்கு நான்கு மாதம் வருகிறது. தினமும் போடுகிறேன். பலன் இல்லை.
– வாசகர், குன்னூர்

நான்கு மாதம் வருவதுதான் கோளாறு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் ஏறக்குறைய ஒரு கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு அவ்வளவு வேண்டும். தினம் ஒரு தடவை என்றாலே 50 கிராம் ஏழு வாரத்தில் தீர வேண்டும். உங்கள் கணக்குப்படி தேவையில் பாதிகூடப் போடவில்லை. அட்டையில் உள்ள எஸ்.பி.எஃப். உங்கள் முகத்தில் இல்லை. ஒரே தடவையில் அப்பினால் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதனால் பாதியைப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு மீதியைப் பூசுங்கள். வெளியில் கிளம்ப 15 நிமிடம் முன்பு பூசி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும்.

என் மாமியாருக்கு வயது 68. தினமும் காலை 7 மணிக்கு ஸ்வெட்டர், குல்லாவோடு வாசலில் இளவெயில் காய்கிறார். ஆனாலும் வைட்டமின் டி 11 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தரையிலிருந்து எழவே கஷ்டப்படுகிறார். வாரம் ஒரு சாஷே (வைட்டமின் டி தூள் பாக்கெட்) சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.
– வாசகி, ஊட்டி

இளவெயில்தான் வைட்டமின் டி தரும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் நடப்பது நேர்மாறு. தோலில் வைட்டமின் டி உண்டாக யூவிபி வேண்டும். காலை 7 மணிக்குச் சூரியன் சாய்ந்து கிடக்கும்போது கதிர் ஓசோன் படலத்தில் நெடுந்தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. யூவிபி வழியிலேயே தீர்ந்துவிடும். மாமியாருக்குக் கிடைப்பது இதமான சூடு மட்டும். அவர் காய்வதை நிறுத்தச் சொல்லாதீர்கள், பாவம். அதோடு இன்னொரு வேளையைச் சேருங்கள்.

காலை 10.30 முதல் மதியம் 2 மணிக்குள், வாரம் நான்கைந்து நாள், 20 முதல் 30 நிமிடம். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை சுருட்டி, சாக்ஸைக் கழற்றி, முன்கையும் காலும் வெயிலில் படட்டும். முகத்துக்குத் தொப்பி இருக்கலாம். குளிர்காற்று அடித்தால் தெற்கு பார்த்த சுவரோரம் உட்காருங்கள்; டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அங்கே வெயிலும் விழும், சுவர் காற்றையும் மறைக்கும். அரை மணி என்பதை இரண்டு மணியாக்கினால் வைட்டமின் கூடாது. ஓரளவுக்கு மேல் உண்டாவதை அதே வெயில் சிதைத்துவிடும். தோல்தான் கறுக்கும்.

ஆனால் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 11 நானோகிராம் என்பது மிகவும் குறைவு. 20-க்கு மேல் இருக்க வேண்டும். இந்த வயதில் தோலின் உற்பத்தியும் மந்தம். வெயிலை மட்டும் நம்ப முடியாது, சாஷே தேவைதான். இங்கேதான் தவறு நடக்கிறது. சாஷே ஒன்றில் 60,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு) இருக்கும். வாரம் ஒன்று, பொதுவாக 8 வாரம். "வாரம்" என்பதைத் "தினம்" என்று படித்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு, சாப்பிட்டதும் அடித்துவிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். கொழுப்பில் கரையும் சத்து இது, மதியச் சாப்பாட்டோடு பாலில் கலந்து கொடுங்கள். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு, காசநோய் இருந்தால் முதல் சாஷேவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.

கால்சியத்துக்குக் கேழ்வரகுக் களி நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் '+எஃப்' குறி இருந்தால் வைட்டமின் டி சேர்த்த பால், லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யூ. அவ்வளவுதான். ஒரு நாள் தேவையே 600 ஐ.யூ.

அலுவலகத்தில் ஜன்னலோரம் நாள் முழுக்க வெயில் விழும் இருக்கை. வைட்டமின் டி கிடைக்குமா?
– வாசகர், கொடைக்கானல்

கிடைக்காது. கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், யூவிஏ பெரும்பகுதியை உள்ளே விடும். நல்லது வெளியே நிற்கும், கறுப்பது மட்டும் உள்ளே வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் திரையை இழுத்து விடுங்கள்.

செலரி அறுவடை செய்த மறுநாள் கை முழுக்கக் கொப்புளம், பிறகு கோடு கோடாகப் பழுப்புத் தழும்பு. பூச்சிமருந்து ஒவ்வாமையா?
– வாசகர், கேத்தி

பெரும்பாலும் பூச்சிமருந்து அல்ல, செலரிச் சாறுதான். அதில் சொரலென் என்ற பொருள் உண்டு. சாறு பட்ட தோலில் யூவிஏ விழுந்தால் வெந்த மாதிரி ஆகிவிடும். உடனே தெரியாது, ஒன்று இரண்டு நாள் கழித்துக் கொப்புளிக்கும். அதனால் காரணம் பிடிபடுவதில்லை. தண்டு உரசிய இடத்தில் மட்டும் கோடாக வருவது இதன் அடையாளம். பார்ஸ்லி, எலுமிச்சைச் சாறும் இதையே செய்யும். அழுகல் நோய் தாக்கிய செலரியில் இந்தப் பொருள் பல மடங்கு ஏறியிருக்கும், அதை வெறுங்கையால் தொடவே வேண்டாம். முழங்கை வரை ரப்பர் கையுறை போடுங்கள். வெயில் ஏறும் முன் அறுத்து, உடனே சோப்பால் கழுவுங்கள். பழுப்புத் தழும்பு தானாக மறையும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், கை வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு மாதக் குழந்தைக்கு எண்ணெய் தடவி வெயிலில் காட்டச் சொல்கிறார் அம்மா.
– வாசகி, கூடலூர்

காலையில் கொஞ்ச நேரம் காட்டினால் குற்றமில்லை, ஆனால் வைட்டமின் டி அதில் வராது. தாய்ப்பாலிலும் மிகக் குறைவு. முதல் ஒரு வருடம் தினம் 400 ஐ.யூ. சொட்டு மருந்துதான் வழி. ஒரு மில்லியில் 400 ஐ.யூ. உள்ள மருந்தும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. பிராண்டு மாறினால் அளவும் மாறும், அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஆறு மாதம் வரை சன்ஸ்கிரீன் வேண்டாம், துணியும் நிழலும் போதும். மஞ்சள் காமாலைக்கு வெயில் மருந்தல்ல.

காளானை வெயிலில் வைத்தால் வைட்டமின் டி வரும் என்கிறார்களே?
– வாசகர், பூம்பாறை

உண்மை. காளானிலும் யூவிபி பட்டால் வைட்டமின் டி உண்டாகும், டி2 வகை. பட்டன் காளானை நறுக்கி, குடையின் அடிப்பக்க மடிப்புகள் மேலே பார்க்கும்படி தட்டில் பரப்பி, உச்சிவெயிலில் அரை மணி முதல் ஒரு மணி வரை வையுங்கள். 100 கிராமில் 400 ஐ.யூ. அளவுக்குக்கூட வரலாம். சமைத்தாலும் பெரும்பகுதி நிற்கும். கண்ணாடி மூடி போட்டு மூடாதீர்கள், ஈ மொய்த்தால் மெல்லிய வலைத்துணி போதும். மூடுபனி இறங்கும் நாளில் முயற்சி வேண்டாம். தட்டில் ஈரம் ஏறிக் காளான் கொழகொழத்துவிடும்.